டிஸ்க்கு சொல்லும் சின்னச் சின்னப் பொய்கள்

"சிஸ்டம் ஸ்லோவா இருக்குங்க."

பொட்டி தட்டிப் பொழைக்கிற யாரும் இந்த வாக்கியத்தைக் கேட்காம ஒரு வாரத்தைத் தாண்டியிருக்க மாட்டாங்க. இந்த மூணு வார்த்தைக்குள்ள அறுபத்தஞ்சு எழுபது வருஷச் சரித்திரம் ஒளிஞ்சிட்டிருக்கு. அதைக் கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம்னுதான் இந்தப் பதிவு. வழக்கமா பதிவுக்குக் கீழே 'டிஸ்கி' போடுவோம். இந்த முறை பதிவே டிஸ்க்கு பற்றித்தான் :-)

யூனிக்ஸ், லினக்ஸ் பக்கம் ஒதுங்காதவங்களும் தைரியமா படிக்கலாம். கட்டளைகளோட பேரையெல்லாம் தமிழ் எழுத்துலயே எழுதியிருக்கேன், கண்ணு உறுத்தினா பொறுத்துக்கோங்க. நான் இருக்கிற ஊர் கூடலூர். ஊட்டி, மைசூர், கேரளான்னு மூணு பக்கத்து ரோடும் வந்து கூடுற இடம். உதாரணமெல்லாம் இங்கேர்ந்துதான் வரும், வேற ஊருக்கு நான் எங்கே போக?

*

முதல்ல கொஞ்சம் கொசுவர்த்தி சுத்துவோம். 1956-ல ஐபிஎம் ராமாக் என்கிற இயந்திரத்தோட உலகத்தின் முதல் வன்தட்டு விற்பனைக்கு வந்தது. 24 அங்குல அகலத்துல 50 தட்டுகள், ஒண்ணுமேல ஒண்ணா. ஆட்டுக்கல் சைஸ்னு நினைச்சுடாதீங்க, ஒரு பெரிய பீரோ. எடை ஒரு டன் கிட்ட. மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. நிமிஷத்துக்கு 1200 சுற்று. ஒரு தகவலைத் தேடி எடுக்க சராசரியா 600 மில்லி செகண்ட், அதாவது அரை செகண்டுக்கு மேல.

இன்னிக்கு கடையில வாங்குற சாதாரண வன்தட்டு நிமிஷத்துக்கு 7200 சுற்று சுத்துது. எங்கேயோ இருக்கிற ஒரு தகவலை எடுக்க ஏறக்குறைய 12 மில்லி செகண்ட். கொள்ளளவு லட்சக்கணக்கான மடங்கு ஏறிடுச்சு. தேடுற வேகம்? வெறும் 50 மடங்கு. இரும்புக் கையை நகர்த்தணும், தட்டு சுத்தி வர்ற வரைக்கும் காத்திருக்கணும். எத்தனை கோடி செலவு பண்ணினாலும் பௌதிகத்துக்கு லஞ்சம் கொடுக்க முடியாது.

அதே காலத்துல பிராசசர் கோடிக்கணக்குல வேகமாயிடுச்சு. ஆக, பொட்டிக்குள்ள ஒரு மகா அவசரக்காரரும் ஒரு மகா நிதானக்காரரும் ஒரே வீட்டுல குடித்தனம் பண்றாங்க. அவங்களுக்குள்ள சண்டை வராம பார்த்துக்கிறதுதான் இயங்குதளத்தோட வேலை. எப்படிப் பார்த்துக்குது? பெரியவங்க குடும்பச் சண்டையைத் தீர்க்கிற அதே வழிதான். ஒரு சின்னப் பொய்!

*

யூனிக்ஸ் 1969-ல பெல் லேப்ஸ்ல பொறந்தது. ஒரு புரோகிராம் "இதை டிஸ்க்குல எழுது"ன்னு சொன்னா, யூனிக்ஸ் அதை வாங்கி நினைவகத்துல ஓரமா வச்சுக்கிட்டு "ஆச்சு, எழுதிட்டேன்"னு உடனே பதில் சொல்லிடும். நிஜமா எழுதறது அப்புறம். 'அப்டேட்'னு ஒரு குட்டி புரோகிராம் 30 செகண்டுக்கு ஒருமுறை முழிச்சு, சேர்ந்து கிடக்கிறதையெல்லாம் தட்டுக்குத் தள்ளும். நடுவுல கரண்ட் போனா அந்த 30 செகண்ட் கணக்கு காந்தி கணக்குதான்.

இதைக் குறைன்னு நான் சொல்ல வரலை. இந்தப் பொய் இல்லைன்னா யூனிக்ஸை யாருமே பயன்படுத்தியிருக்க முடியாது. என்னோட வாதம் என்னன்னா, டிஸ்க் வேகத்தின் சரித்திரம் முழுக்க இதே மாதிரி ஒத்திப்போட்ட வாக்குறுதிகளின் சரித்திரம். எந்த வாக்கை ஒத்திப்போடலாம், எதைப் போடக்கூடாதுன்னு முடிவு பண்றதுக்குத்தான் நாம 'டியூனிங்'னு ஸ்டைலா பேர் வச்சிருக்கோம்.

பொய் சொன்னா மட்டும் போதாது, அடுக்கி வைக்கவும் தெரியணும்னு கண்டுபிடிச்சது கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆளுங்க. மெக்குசிக், பில் ஜாய், லெஃப்ளர், ஃபாப்ரி நாலு பேரும் 1984-ல எழுதின கட்டுரை இன்னிக்கும் படிக்க வேண்டியது. பழைய யூனிக்ஸ் கோப்பு முறையை அவங்க அளந்து பார்த்தாங்க. டிஸ்க்கால கொடுக்க முடிஞ்ச வேகத்துல வெறும் 2 முதல் 4 சதவீதம்தான் நிஜமா கிடைச்சிட்டிருந்தது! புதுசா போட்ட டிஸ்க் செகண்டுக்கு 175 கிலோபைட் வரை கொடுக்கும். சில வாரம் புழங்கினா 30-க்கு இறங்கிடும். டிஸ்க் கெட்டுப்போகலை. ஃபைல்களை அழிச்சு அழிச்சு எழுதினதுல காலி இடங்கள் கலைஞ்சு போச்சு. ஒரே ஃபைலோட துண்டுகள் தட்டு முழுக்கச் சிதறிக் கிடக்கு, கை அங்கேயும் இங்கேயும் ஓடுது.

அவங்க செஞ்ச வைத்தியம், தட்டைப் பேட்டை பேட்டையா பிரிச்சு, ஒரு ஃபைலோட துண்டுகளையும் அதோட விலாசத்தையும் முடிஞ்சவரை ஒரே பேட்டையில வைக்கிறது. துண்டோட சைஸையும் பெருசாக்கினாங்க. வேகம் 47 சதவீதம் வரைக்கும் ஏறிச்சு. கூடவே ஒரு விதி: டிஸ்க்குல 10 சதவீதத்தைக் காலியா விட்டுடணும். முழுசா ரொம்பின வீட்டுல சாமானை ஒழுங்கா அடுக்க முடியாதில்ல? லினக்ஸ்ல ஈஎக்ஸ்டி4 போடும்போது 5 சதவீதத்தை ரூட்டுக்குன்னு ஒதுக்குதே, "என் ஜிபியைத் திருடிட்டாங்க"ன்னு நம்மாளுங்க கேப்பாங்களே, அது இந்தப் பரம்பரையில வந்த வழக்கம்தான்.

இதுல நான் கத்துக்கிட்டது, பெர்க்லி ஆளுங்க முதல்ல அளந்தாங்க, அப்புறம்தான் கை வச்சாங்க.

*

சரி, யூனிக்ஸ் நம்ம ஊருக்கு எப்படி வந்தது? பல்கலைக்கழக வழி ஒண்ணு. இன்னொரு பெரிய வழி, வங்கி. அரியலூர்ல பொறந்த பொருளாதார நிபுணர் சி. ரங்கராஜன் ரிசர்வ் வங்கியில துணை ஆளுநரா இருந்தப்ப, வங்கிகளை இயந்திரமயமாக்கறது பற்றி அவர் தலைமையில ஒரு குழு 1984-ல அறிக்கை கொடுத்தது. தொழிற்சங்கங்கள் "கம்ப்யூட்டர் வந்தா வேலை போயிடும்"னு கொடி பிடிச்ச காலம் அது. கிளைகளுக்கு வாங்குற இயந்திரத்துக்கு யூனிக்ஸ்னு முடிவானதால நம்ம நாட்டுக் கம்பெனிகள் யூனிக்ஸ் பொட்டி செய்ய ஆரம்பிச்சாங்க. எண்பதுகள் கடைசி, தொண்ணூறுகள்ல நம்ம வங்கிக் கிளைகள்ல கறுப்புத் திரையில பச்சை எழுத்து ஓடினது ஞாபகம் இருக்கா? அதுக்குப் பின்னாடி பல இடத்துல இருந்தது ஏதோ ஒரு யூனிக்ஸ்தான்.

பெல் லேப்ஸ் வழி வந்த சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ்ல 'சார்'னு ஒரு கட்டளை உண்டு. பொட்டி நாள் பூரா என்னென்ன பண்ணிச்சு, டிஸ்க் எவ்வளவு நேரம் பிஸி, நினைவகம் எப்படின்னு மணிக்கணக்கு எழுதி வைக்கும். நம்ம ஊர்ல ஆபீஸ்ல எது கேட்டாலும் "சாரைக் கேளுங்க"ன்னு சொல்றது எவ்வளவு தீர்க்கதரிசனம் பாருங்க :-) பெர்க்லி வழி வந்தது 'விஎம்ஸ்டாட்'. ரெண்டு பரம்பரையும் லினக்ஸ்ல சங்கமம். சார், ஐஓஸ்டாட் ரெண்டையும் லினக்ஸுக்கு எழுதினவர் செபாஸ்டியன் கோதார்னு ஒரு பிரெஞ்சுக்காரர்.

*

அளக்கறதுலயும் ஆபத்து இருக்கு. ரெண்டு எண்களைச் சொல்றேன்.

முதல் எண், 'லோட் ஆவரேஜ்'. டெனெக்ஸ்னு ஒரு பழைய இயங்குதளத்துலேர்ந்து வந்த சமாச்சாரம், 1973-லயே இதைப் பற்றி ஆவணம் இருக்கு. எத்தனை பேர் பிராசசருக்காக வரிசையில நிக்கறாங்கன்னு சொல்ற எண். லினக்ஸ்ல மட்டும் கதை வேற. 1993 அக்டோபர்ல மத்தியாஸ் உர்லிக்ஸ்னு ஒருத்தர் ஒரு சின்ன ஒட்டுத் திருத்தம் அனுப்பினார். டிஸ்க்குக்காக அசையாம காத்துக்கிட்டிருக்கிற புரோசஸையும் இந்தக் கணக்குல சேர்க்கணும்னு. அவர் நியாயம் எளிமையானது: வேகமான டிஸ்க்கை எடுத்துட்டு மெதுவான டிஸ்க்கை மாட்டினா பொட்டி தவழுது, ஆனா லோட் ஆவரேஜ் குறையுது, இது என்ன கூத்து? திருத்தம் ஏத்துக்கப்பட்டது. அதுக்கப்புறம் 24 வருஷம், ஏன் லினக்ஸ்ல மட்டும் இப்படின்னு எல்லாரும் மண்டையைப் பிச்சுக்கிட்டாங்க. 2017-ல பிரண்டன் கிரெக் பழைய மடல்களைத் தோண்டி அந்தத் திருத்தத்தைக் கண்டுபிடிச்சார். லினக்ஸ்ல லோட் ஏறினா பிராசசர் திணறுதுன்னு அர்த்தம் இல்லைங்க. யாரோ, எதுக்கோ காத்திருக்காங்க, அவ்வளவுதான்.

ரெண்டாவது, ஐஓஸ்டாட் காட்டுற காத்திருப்பு நேரம். இதுக்கு எங்க ஊர் உதாரணம். முதுமலை, பந்திப்பூர் வழியா மைசூர் போற ரோட்டுல ராத்திரி 9 மணியிலேர்ந்து காலை 6 வரைக்கும் போக்குவரத்து கிடையாது. கர்நாடகா பக்கம் 2009-லேர்ந்து தடை. மிருகங்களும் நிம்மதியா ரோட்டைக் கடக்கணுமே. காலையில கேட் திறக்கும்போது வண்டிங்க வரிசையா நிக்கும். ஒரு வண்டியைப் பார்த்து அனுப்ப அரை நிமிஷம்னு வைங்க. உங்களையும் சேர்த்து 20 வண்டி இருந்து, நீங்க கடைசின்னா, உங்களுக்கு 10 நிமிஷம். கேட்டுல நிக்கிற கார்டு மெதுவானவர் இல்லை. அவர் வேலை அரை நிமிஷம்தான், மிச்ச ஒன்பதரை நிமிஷம் வரிசை. 1961-ல ஜான் லிட்டில் நிரூபிச்ச விதியும் இதேதான்: வரிசையில இருக்கிற எண்ணிக்கையை, வெளியேறுற வேகத்தால வகுத்தா, காத்திருக்கிற நேரம் வந்துடும்.

ஐஓஸ்டாட் முன்னாடி கார்டோட நேரம்னு தனியா ஒரு பத்தியும் காட்டிட்டிருந்தது. அது நம்பக்கூடிய எண்ணே இல்லைன்னு அதோட கையேட்டுலயே எச்சரிக்கை போட்டாங்க, பிறகு எடுத்தே விட்டுட்டாங்க. அதேபோல '100 சதவீதம் பிஸி'ங்கிற எண்ணும். ஒரு தட்டு, ஒரு கை இருந்த காலத்துல அதுக்கு அர்த்தம் உண்டு. 2011-ல வந்த என்விஎம்ஈ தரத்துல ஆயிரக்கணக்குல வரிசைகள் வச்சுக்கலாம். பத்து கேட் இருக்கிற செக்போஸ்டுல ஒரு கேட்டுல எப்பவும் வண்டி நிக்குதுன்னா செக்போஸ்ட் ரொம்பிடுச்சுன்னா அர்த்தம்?

*

சும்மா இருக்கிறதே சுகம்னு ஒரு கண்டுபிடிப்பும் உண்டு. 2001-ல ரைஸ் பல்கலைக்கழகத்தில் சிதாராம் ஐயரும் பீட்டர் டிருஷலும் ஒரு கட்டுரை எழுதினாங்க. ஒரு புரோகிராம் ஒரு துண்டைப் படிச்சுட்டு, அதைக் கொஞ்சம் மென்னு முழுங்கிட்டு, பக்கத்துத் துண்டைக் கேட்கும். அந்தச் சின்ன இடைவெளியில டிஸ்க் "இவனுக்கு வேலை முடிஞ்சது"ன்னு நினைச்சு, தட்டோட அந்தக் கோடியில இருக்கிற அடுத்த ஆளுக்காக ஓடிடும். போய்ச் சேர்றதுக்குள்ள இவன் மறுபடி கூப்பிடுவான். இதை ஏமாத்துற ஓய்வுன்னு அவங்க சொன்னாங்க. வைத்தியம்? சில மில்லி செகண்ட் சும்மா இரு. அவ்வளவுதான்!

பஸ் ஸ்டாண்டுல பந்தலூர் பஸ் டிரைவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஹாரன் அடிச்சுட்டு கொஞ்சம் நின்னா, டீயைக் குடிச்சுட்டு ஓடி வர்ற நாலு பேர் ஏறிடுவாங்க. லினக்ஸ் 2.6-ல இந்த யோசனையை நிக் பிகின் சேர்த்தார், கொஞ்ச காலம் அதுவே இயல்பிருப்பா இருந்தது. 2006-ல ஜென்ஸ் ஆக்ஸ்போவோட இன்னொரு முறை அந்த இடத்தைப் பிடிச்சது. 2010-ல முந்தினது நீக்கப்பட்டது. பிந்தினதும் 2019-ல 5.0 பதிப்போட போயிடுச்சு. சுத்தற தட்டுக்காகப் பொறந்த ஞானம், சுத்தாத எஸ்எஸ்டி வந்ததும் பாதி செல்லாக்காசு. அதனாலதான் பழைய டியூனிங் குறிப்பு எதையும் தேதி பார்க்காம அப்படியே ஒட்டாதீங்கன்னு சொல்றது. 2005-ல அமிர்தமா இருந்தது இன்னிக்கு அந்தக் கோப்பே இல்லாத கட்டளையா இருக்கும்.

உள்ளே எட்டிப் பார்க்கிற கருவிகளும் மாறிச்சு. சன் நிறுவனம் 2005-ல சொலாரிஸ் 10-ஓட டீட்ரேஸைக் கொடுத்தது. ஓடிக்கிட்டிருக்கிற பொட்டியை நிறுத்தாம, எந்த இடத்துல யார் எவ்வளவு நேரம் நிக்கறாங்கன்னு பார்க்கிற ஸ்கேன் மிஷின். அதை வச்சு 2008 கடைசியில அதே பிரண்டன் கிரெக் ஒரு வேலை பண்ணினார். டிஸ்க்குகள் அடுக்கின அலமாரிக்கு முன்னாடி நின்னு காட்டுக்கத்தல் கத்தினார். திரையில தாமதக் கோடு எகிறிச்சு! சத்தத்தோட அதிர்வுல டிஸ்க்கோட கை தடுமாறுது. சர்வரைத் திட்டினா அது இன்னும் மெதுவாகும்னு விஞ்ஞான ரீதியா நிரூபணம் ஆன நாள் அது.

லினக்ஸ் பக்கம் இதே மாதிரி உள்ளே நுழையற வழிக்கு 'கேபுரோப்ஸ்'னு பேர். 2004-ல கெர்னல்ல சேர்ந்தது. அதுல பெரும்பங்கு ஐபிஎம்மோட பெங்களூர் ஆளுங்க வேலை. அனந்த் மாவினகாயனஹள்ளி, பிரசன்னா பஞ்சமுகி பேரெல்லாம் அதுல இருக்கும். எங்க ஊர் மைசூர் ரோட்டுல நேரா போனா அவங்க ஊர்! 2015-க்கு அப்புறம் ஈபிபிஎஃப் வந்து அந்தக் கேபுரோப்ஸ் மேலயே சவாரி பண்ண ஆரம்பிச்சது. இன்னிக்கு 'பயோலேட்டன்சி'னு ஒரு கட்டளை அடிச்சா, டிஸ்க் காத்திருப்பு எத்தனை தடவை 1 மில்லி செகண்ட், எத்தனை தடவை 100னு பட்டை பட்டையா வரைஞ்சு காட்டும். சராசரி மூடி மறைக்கிறதையெல்லாம் அது காட்டிக்கொடுத்துடும்.

*

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். பொய் சொல்லித்தான் வேகம்னா, உண்மை வேணும்னா என்ன பண்றது? அதுக்குத்தான் 'எஃப்சிங்க்'. "ஓரமா வச்சுட்டு ஆச்சுன்னு சொல்லாதே. நிஜமா தட்டுல எழுதிட்டு வந்து சொல்லு"ங்கிற கட்டளை. டேட்டாபேஸ் எல்லாம் உயிர் வாழறது இதை நம்பித்தான். ஐ.ஐ.டி மெட்ராஸ்ல படிச்ச சி. மோகனும் ஐபிஎம் சகாக்களும் 1992-ல எழுதின ஏரிஸ் கட்டுரை இந்தத் துறைக்கு வேதம் மாதிரி. முதல்ல குறிப்பேட்டுல எழுது, குறிப்பேடு தட்டுல இறங்கினதை உறுதி பண்ணு, அப்புறம் மத்ததை நிதானமா பார்த்துக்கலாம். எங்கே பொய் சொல்லலாம், எங்கே கூடவே கூடாதுன்னு ஒரு தெளிவான கோடு.

உண்மைக்கு விலை உண்டு. 7200 சுற்று டிஸ்க் செகண்டுக்கு 120 தடவை சுத்தும். ஒரே குறிப்பேட்டுல தொடர்ச்சியா எழுதினாலும் ஒரு எஃப்சிங்க்குக்கு ஏறக்குறைய ஒரு சுற்று காத்திருக்கணும். ஃபைல் சிஸ்டம் தன் பங்குக்கு வேற குறிப்பு எழுதும். கடைசியில செகண்டுக்கு 40, 50 தேறினா பெருசு. இதைத் தவிர்க்க ஆளாளுக்குக் குறுக்கு வழி. 2009 தொடக்கத்துல ஈஎக்ஸ்டி4 புதுசா வந்தப்போ, பொட்டி திடீர்னு செத்து எழுந்தா சில ஃபைல்கள் பூஜ்ஜியம் சைஸ்ல கிடந்துச்சுன்னு ஒரே களேபரம். எழுதறதை அது இன்னும் கொஞ்சம் அதிகமா ஒத்திப்போட்டதுதான் காரணம். எஃப்சிங்க் போடாத புரோகிராம் மேல தப்பா, ஃபைல் சிஸ்டம் மேல தப்பான்னு பட்டிமன்றமே நடந்தது.

இந்தத் தகராறை ஆராய்ச்சியா பண்ணினது விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆர்பாசி-டூசோ தம்பதியோட மாணவர்கள். அந்தக் கட்டுரைகளோட ஆசிரியர் வரிசையைப் படிச்சா நம்ம ஊர் வருகைப் பதிவேடு மாதிரியே இருக்கும். விஜயன் பிரபாகரன், லக்ஷ்மி பைரவசுந்தரம் இருந்த குழு 2005-ல, டிஸ்க் சொல்ற பிழையை ஃபைல் சிஸ்டம்கள் எப்படியெல்லாம் காதுல வாங்காம விடுதுன்னு காட்டிச்சு. 2014-ல தனுமாலயன் சங்கரநாராயண பிள்ளை (பேரிலேயே சுசீந்திரம் கோயில் இருக்கு பாருங்க), விஜய் சிதம்பரம், ராம்நாத்தன் அழகப்பன் முதலானவங்க 11 பிரபல மென்பொருள்களை அலசினாங்க. கரண்ட் போனா தகவல் சிதையக்கூடிய ஓட்டைகள் 60 கிடைச்சது. 2018-ல போஸ்ட்கிரஸ் ஆளுங்களுக்கே ஒரு இடி. லினக்ஸ்ல எஃப்சிங்க் ஒருமுறை தோத்துட்டு, மறுபடி கூப்பிட்டா "ஆச்சு"ன்னு சொல்லக்கூடும்னு தெரிஞ்சது. உண்மை சொல்லுன்னு போட்ட கட்டளையே பொய் சொன்னா? 2019-லேர்ந்து போஸ்ட்கிரஸ் அந்த மாதிரி நேரத்துல மறுமுயற்சி பண்ணாம, படுத்து எழுந்து குறிப்பேட்டுலேர்ந்து எல்லாத்தையும் மறுபடி கட்டுது.

*

இதெல்லாம் அமெரிக்காவுல ஆராய்ச்சிக்காரங்க பாடு, நமக்கென்னன்னு நினைக்கிறவங்களுக்கு, எங்க ஊர்ல நான் பார்த்த ஒரு சமாச்சாரம். பேர் வேண்டாம். சிறு விவசாயிங்ககிட்ட பச்சைத் தேயிலை வாங்குற ஒரு ஆபீஸ். ஆறு இடத்துல இலை எடுப்பாங்க. எடை போடுற கையடக்கக் கருவியில சீட்டு பதிவாகி லினக்ஸ் சர்வருக்கு வரும். மாசக் கடைசியில கணக்கு முடிச்சுப் பட்டுவாடா. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வச்சிருக்கிறவங்க. ஸ்கூல் ஃபீஸ், கடைக்கடன் எல்லாம் அந்தக் காசுக்குத்தான் காத்திருக்கும்.

ஒன்றரை நிமிஷத்துல முடிஞ்சிட்டிருந்த மாசக்கணக்கு 50 நிமிஷம் ஓடுது. வெளியே மழையில ஜனங்க நிக்கறாங்க. "பொட்டி பழசாயிடுச்சு, புதுசு வாங்குங்க"ன்னு ஒரு விலைப்பட்டியல் வேற மேஜை மேல.

பார்த்தா லோட் ஆவரேஜ் 6. பிராசசர் தூங்கி வழியுது. ஆறு இடத்துக்கும் ஆறு புரோசஸ், ஆறுமே டிஸ்க் வாசல்ல காத்துக்கிடக்கு. ஐஓஸ்டாட்ல டிஸ்க் முழு பிஸி, ஆனா எழுதுற அளவோ செகண்டுக்குச் சில நூறு கிலோபைட்தான். காத்திருப்பு 150 மில்லி செகண்ட். லிட்டில் விதியைப் போட்டுப் பாருங்க: 6 பேர், 150 மில்லி செகண்ட்னா, செகண்டுக்கு 40 வேலைதான் வெளியே வருது. மாசத்துக்கு 30,000 சீட்டு, ஒரு சீட்டுக்கு 4 தடவை எஃப்சிங்க், மொத்தம் 1,20,000. செகண்டுக்கு 40 வீதம் 3000 செகண்ட். கச்சிதமா 50 நிமிஷம்! கணக்கு இவ்வளவு அழகா ஒத்துப்போனா, கோளாறு எங்கேன்னு தேடுற வேலை பாதி முடிஞ்ச மாதிரி.

மீதி பாதி ரெய்டு கார்டோட பதிவேட்டுல இருந்தது. அந்தக் கார்டுல கொஞ்சம் நினைவகமும், கரண்ட் போனாலும் அதைக் காப்பாத்த ஒரு பேட்டரியும் உண்டு. பேட்டரி நல்லா இருக்கிற வரை, தகவலை நினைவகத்துல வாங்கிட்டு "எழுதியாச்சு"ன்னு கார்டு சொல்லும். அது பொய்தான், ஆனா பிணை வச்ச பொய். பேட்டரி செத்ததும் கார்டு யோக்கியமா பொய் சொல்றதை நிறுத்திடுச்சு. ஒவ்வொண்ணையும் தட்டுல எழுதிட்டுத்தான் பதில் சொல்லுது. எல்லாரும் கோளாறுன்னு திட்டிக்கிட்டிருந்தது உண்மையில அந்தப் பொட்டியோட நேர்மை.

பொட்டி விக்க வந்தவர் இன்னொரு யோசனையும் வச்சிருந்தார். கார்டுல ஒரு விருப்பத்தேர்வு இருக்கு, பேட்டரி இல்லாட்டியும் பழையபடி பொய் சொல்ல வைக்கலாம். ரெண்டு நிமிஷ வேலை, வேகம் உடனே திரும்பிடும். திரும்பியிருக்கும்தான். ஆனா இது கூடலூர். ஆடி மாசக் காத்துல மரம் விழுந்தா லைன் போயிடும். 2019 ஆகஸ்ட்ல இதே மாவட்டத்துல, அவலாஞ்சியில ஒரே நாள்ல 82 செ.மீ. மழை பெஞ்சது. அந்த மாதிரி ராத்திரியில கார்டோட நினைவகத்துல நின்னுட்ட ஒரு பட்டுவாடா பதிவு போனா, காசு வாங்கினவருக்கு மறுபடி கொடுப்பாங்க, இல்லை வாங்காதவரை "வாங்கிட்டே"ன்னு சாதிப்பாங்க. "யூபிஎஸ் இருக்கே"ன்னா, அதுக்குள்ளயும் இருக்கிறது ஒரு பேட்டரிதானே ஐயா. எஸ்எஸ்டி மாட்டிட்டா தீர்ந்துதான்னா, 2013-ல 15 எஸ்எஸ்டிகளைக் கரண்ட் வெட்டி வெட்டி சோதிச்சாங்க, 13 ஏதாவது ஒரு வகையில சொதப்பிச்சு. கரண்ட் போனா தாங்குற கெப்பாசிட்டர் இருக்கான்னு பார்த்துத்தான் வாங்கணும்.

தீர்வு கடைசியில ரொம்ப சாதாரணம். மாசக்கணக்கை ஒவ்வொரு சீட்டுக்கும் எஃப்சிங்க் போடாம நூறு நூறு சீட்டா சேர்த்து முடிக்க வச்சாச்சு. 1,20,000 இருந்தது 300 ஆச்சு, டிஸ்க்குக்குக் காத்திருக்கிற நேரம் 8 செகண்டுக்குள்ள. நடுவுல கரண்ட் போனாலும் நஷ்டமில்லை, மூலச் சீட்டு பத்திரமா இருக்கு, மறுபடி ஓட்டிக்கலாம். பட்டுவாடா பதிவை மட்டும் தொடவே இல்லை, ஒவ்வொண்ணும் தட்டுல இறங்கின பிறகுதான் ரசீது. கவுண்டர்ல மனுஷன் காசு எண்ணிக் கொடுக்கிற வேகத்துக்கு செகண்டுக்கு 40 தாராளம். ஒரு வாரம் கழிச்சு கோயம்புத்தூர்லேர்ந்து பேட்டரி வந்தது. விலைப்பட்டியல் போட்டிருந்த புது சர்வரை வாங்கவே இல்லை.

*

இவ்வளவு சரித்திரத்தையும் பிழிஞ்சா எனக்குக் கிடைக்கிறது ஒரே கேள்வி. ஏதாவது ஒரு அமைப்பை மாத்தினா வேகம் கூடும்னு யாராவது சொன்னா, "எந்த வாக்குறுதியை ஒத்திப்போட்டு இந்த வேகம் வருது? அந்த வாக்கு தவறினா, தகவலோட இன்னொரு நகல் யார் கையில இருக்கு?"ன்னு கேளுங்க. நகல் இருந்தா தாராளமா ஒத்திப்போடலாம். சீட்டை மறுபடி கூட்டிக்கலாம், லாக் ஃபைல் நாலு வரி போனா உலகம் இருண்டுடாது, ஒரு ஃபைலைக் கடைசியா யார் படிச்சாங்கங்கிற நேரத்தை ஒவ்வொரு தடவையும் எழுதறதை லினக்ஸே 2009-ல குறைச்சுக்கிச்சு. நகல் இல்லாத இடத்துல, அதுவும் அடுத்தவங்க கூலி சம்பந்தப்பட்ட இடத்துல, டிஸ்க் மெதுவா இருக்கிறதே மரியாதை.

ராமாக் காலத்துலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் பொட்டி மாறிடுச்சு, கட்டளை மாறிடுச்சு, இந்தக் கேள்வி மட்டும் மாறவே இல்லை.

உங்க ஆபீஸ்ல ரெய்டு கார்டு இருந்தா நாளைக்கே அதோட பேட்டரி உசுரோட இருக்கான்னு ஒரு தடவை பார்த்துட்டு வாங்க மக்களே. உங்க சர்வர் உங்களுக்குச் சொன்ன பொய்க்கதை ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, கும்மியா இருந்தாலும் பரவாயில்லை. இங்கே மழை பிடிச்சிடுச்சு, கரண்ட் போறதுக்குள்ள சேமிச்சு வச்சுடறேன் :-)